இயந்திரம் வந்துவிட்டது, காப்புரிமை யார் பெயரில்?

ஒவ்வொரு விஷவாயு மரணத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பிவைக்கிறார். சிலந்தி மாதிரிக் கால்களை விரித்து ஓர் இயந்திரம் மேன்ஹோலுக்குள் இறங்கும், வாளி நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வரும். பின்னணியில் உற்சாகமான இசை. இனி மனிதர்கள் இறங்க வேண்டியதில்லை என்று கீழே ஒரு வரி. அனுப்புகிறவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். மறுநாள் காலையில் இன்னொரு ஊரில் இன்னொருவர் இறங்குகிறார். அதற்கு வீடியோ கிடையாது.

இயந்திரத்தை எதிர்த்து எழுத நான் உட்காரவில்லை. இயந்திரம் வேண்டும் என்று கேட்டதே நாம்தான். சஃபாய் கரம்சாரி அந்தோலன் நீதிமன்றப் படியேறி 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாங்கியபோது, அரசு தரப்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது அந்தத் தீர்ப்பு. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. தொகை கூடுகிறது, மரணம் நிற்கவில்லை. 1993 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்திருக்கிறார்கள் என்பது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கில் முன்வரிசையில் நிற்பது சமூகநீதி மண் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாடு.

என் கேள்வி வேறு. அந்த இயந்திரத்தின் காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? இதைக் கேட்டால் இரண்டு தரப்பாரும் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். ஸ்டார்ட்அப் ஆட்களுக்கு இது நன்றிகெட்ட கேள்வி. நம் தோழர்கள் சிலருக்கோ இது தேவையில்லாத கேள்வி. காப்புரிமை, வணிகச் சின்னம், தொழில் ரகசியம் எல்லாம் முதலாளிகள் விவகாரம், நமக்கெதற்கு என்கிறார்கள். இரண்டு தரப்போடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில் ஒரு நிறுவனத்தின் கதை. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலுக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் மூச்சுத் திணறினார்கள். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத்தும் செத்தார். கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியியல் பட்டதாரிகள் தங்கள் கதையை அந்த மரணங்களில் இருந்துதான் சொல்லத் தொடங்குகிறார்கள். 2018 பிப்ரவரியில் அவர்களுடைய ‘பாண்டிகூட்’ திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. கேரள அரசின் ஸ்டார்ட்அப் மிஷனும் குடிநீர் வாரியமும் துணை நின்றன. பிறகு முதலீடுகள் வந்தன. சோஹோ நிறுவனம் 2022இல் 20 கோடி ரூபாய் போட்டது. தூய்மைப் பணியாளர்களுக்கே அந்த இயந்திரத்தை இயக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதில் எதையும் நான் குறைசொல்லவில்லை. அந்த இளைஞர்கள் என்ன சாதி என்பதும் என் கேள்வி இல்லை. நல்ல வேலை செய்திருக்கிறார்கள்.

சென்னையிலும் ஒன்று நடந்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் குழு, சோலினாஸ் என்ற ஸ்டார்ட்அப்புடன் சேர்ந்து கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம்செய்ய ‘ஹோமோசெப்’ என்ற இயந்திரத்தை உருவாக்கியது. 2022இல் முதல் இரண்டு இயந்திரங்கள் சஃபாய் கரம்சாரி அந்தோலன் உதவியோடு சுய உதவிக் குழுக்களின் கையில் போய்ச் சேர்ந்தன. அந்தக் குழுக்களுக்குத் தலைமை ஏற்றவர்கள் இந்தத் தொழிலில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள். இது பெரிய காரியம். இயக்குகிறவர் கூலியாள் இல்லை, உடைமையாளர் என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்.

ஆனால் அந்த இடத்தோடு நாம் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இயந்திரம் தேயும், துருப்பிடிக்கும், ஐந்தாறு வருடத்தில் பழைய இரும்புக்குப் போகும். காப்புரிமை 20 ஆண்டு நிற்கும். வேறு எவர் அதே வடிவமைப்பில் செய்தாலும் உரிமத்தொகை கட்ட வேண்டும். நிறுவனத்தை வேறொருவர் வாங்கும்போது விலைபேசப்படுவது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான். தொழில்நுட்ப நிறுவனத்தின் சொத்து கொட்டகையில் நிற்கும் இயந்திரம் அல்ல. இரண்டாவது இயந்திரத்தையும் இருநூறாவது இயந்திரத்தையும் செய்யலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம்தான் சொத்து. நமக்கு இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் நலத்திட்டம்.

“தொழிலாளி எதைக் கண்டுபிடித்தார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன்.

நான் வேலைசெய்யும் பகுதியில் பாதாளச் சாக்கடை ஆட்களோடு பல வருடமாகப் பழகுகிறேன். மூடியைத் திறந்ததும் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். முன்னும் பின்னும் உள்ள மூடிகளையும் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். தண்ணீரின் நிறம், மேலே வரும் குமிழி, நாற்றம் மாறும் விதம், இவற்றை வைத்து அடைப்பு எந்தப் பக்கம், எத்தனை அடியில் என்று சொல்வார்கள். நாற்றம் திடீரென்று நின்றுபோனால் அதுதான் ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறும்போது மூக்கு மரத்துப்போகிறது என்று வேதியியல் புத்தகம் சொல்வதை, புத்தகம் படிக்காமலே, செத்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். துணி அடைத்திருந்தால் ஒரு மாதிரி இழுக்க வேண்டும், கட்டட ஜல்லி இறுகியிருந்தால் வேறு மாதிரி, மரவேர் என்றால் இன்னொரு மாதிரி. மூங்கில் பிளாச்சை எந்தக் கோணத்தில் விட்டால் வளைவில் சிக்காது என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

ஒரு பொறியாளர் மேன்ஹோலுக்கு இயந்திரக் கை வடிவமைக்க உட்கார்ந்தால் முதலில் இதெல்லாம் தெரிய வேண்டும். எங்கிருந்து தெரிந்துகொள்வார்? இந்த ஆட்களிடம் இருந்துதான். ஆய்வேட்டில் இதற்குக் ‘களத்தகவல்’ என்று பெயர். முன்மாதிரியை எடுத்துக்கொண்டு வந்து இறக்கிப் பார்க்கும்போது, இந்த நகம் இவ்வளவு அகலம் என்றால் துணி நழுவும், இந்தக் கால் இப்படி ஊன்றினால் உடைந்த செங்கல் சுவர் பெயர்ந்து விழும் என்று சொல்வதும் இவர்கள்தான். அதற்குப் ‘பயனர் கருத்து’ என்று பெயர். கடைசியில் நன்றியுரையில் ஒரு வரி, ஆளுக்கொரு டீ-சட்டை.

சட்டம் என்ன சொல்கிறது? 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, “உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்” அல்லது அவரிடம் உரிமை எழுதி வாங்கியவர் விண்ணப்பிக்கலாம். பிரச்சினையைச் சொன்னவர், சோதனைக்குக் கூட நின்றவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். இதை மறைக்க வேண்டியதில்லை. தீர்வின் கருவில் பங்களித்திருக்க வேண்டும். நகத்தின் அகலத்தை மாற்றச் சொன்னது தீர்வா, கருத்தா? இயந்திரம் வேலைசெய்ததே அந்த மாற்றத்தால் என்றால் அது தீர்வு. ஆனால் அதை அவர் வாயால் சொன்னார், பொறியாளர் கணினியில் வரைந்தார். வரைந்தவரின் கோப்பில் தேதி இருக்கிறது. சொன்னவரிடம் எதுவும் இல்லை. கையால் செய்கிறவருக்கு மூளை இல்லை என்ற சாதியின் பழைய பொய்யைக் காப்புரிமை அலுவலகம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொய் உண்மையைப் போலத் தெரிய வைக்கும் காகிதங்களை மட்டும் அது கேட்டு வாங்குகிறது.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்ற பண்ணையாரிடம் நெட் என்ற அடிமை இருந்தார். பருத்தி வயலைச் சுரண்டிக் களையெடுக்கும் ஒரு கருவியை நெட் செய்தார். 1857இல் ஸ்டூவர்ட் அதற்குக் காப்புரிமை கேட்டார், தன் பெயரில். அடிமையின் கையுழைப்பு எஜமானனுக்குச் சொந்தம் என்றால் மூளையுழைப்பும் சொந்தம்தானே என்று அரசுக்கு எழுதினார். 1858இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெரமையா பிளாக் முடிவு சொன்னார்: அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை. நான்தான் கண்டுபிடித்தேன் என்று எஜமானன் சத்தியம் செய்ய முடியாது, ஏனென்றால் அவன் கண்டுபிடிக்கவில்லை. அடிமையும் விண்ணப்பிக்க முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவன் குடிமகனே இல்லை. ஸ்டூவர்ட் சளைக்கவில்லை. காப்புரிமை இல்லாமலே கருவியைச் செய்து விற்றார். ஓர் அடிமையின் கண்டுபிடிப்பு என்று விளம்பரமும் செய்தார், அடிமைமுறை மூளையை மழுங்கடிக்கும் என்பது பொய் என்று காட்டுவதற்காக! 1861இல் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டரசு முதல் வேலைகளில் ஒன்றாக, அடிமையின் கண்டுபிடிப்பை எஜமானன் தன் பெயரில் பதியலாம் என்று காப்புரிமைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. நெட்டுக்கு அப்பா வைத்த முழுப்பெயர்கூட ஆவணத்தில் இல்லை.

நாம் அடிமைகள் இல்லை, குடிமக்கள். நம் பெயரைப் பதியக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பதியச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவும் இல்லை. சிக்கல் இந்த இடைவெளியில்தான்.

கட்டாயப்படுத்த முடியாதா? முடியும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், கூட வந்த காணி மக்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டது ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் காணிகளின் அறக்கட்டளையும் பதிவானது. ஓட்டைகள் நிறைய. எல்லாக் காணிகளையும் கேட்கவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜீவனி என்ற பெயரையே அங்கே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டபோது இங்கிருந்து எதுவும் செய்ய முடியவில்லை. இருந்தாலும் ஒரு கொள்கை நிலைத்தது. 2002இல் வந்த உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், பயன்பகிர்வு என்பதைச் சட்டக் கடமையாக்கியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். செடியைக் காட்டியவருக்குப் பங்கு உண்டு. சாக்கடையைக் காட்டியவருக்கு இல்லை. பாட்டன் சொன்ன மூலிகை ‘மரபு அறிவு’. அப்பன் உயிரைக் கொடுத்துக் கற்ற விஷவாயுப் பாடம் வெறும் ‘கூலிவேலை அனுபவம்’. மரபு அறிவுக்கு அரசு 2001இல் இருந்து மின்னூலகம் கட்டுகிறது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, யோகா ஏடுகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. எழுதிவைத்த அறிவுக்குத்தான் அங்கே மதிப்பு. எழுதப் படிக்கக் கூடாது என்று யாரைத் தடுத்தீர்களோ அவர்களுடைய தோல் பதனிடும் அறிவும், பறை கட்டும் அறிவும், சாக்கடை அறிவும் எந்த ஏட்டில் இருக்கும்?

நிறுவனத்தார் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வியே அறிவுசார் சொத்து சுத்தமாக இருக்கிறதா என்பதுதான்; ஐம்பது தொழிலாளர்களின் பெயரைச் சேர்த்தால் எவனும் பணம் போட மாட்டான் என்பார்கள். காப்புரிமை இல்லாவிட்டால் டெண்டரில் குறைந்த விலை போடும் எவனோ ஒருவன் தகரத்தில் நகல் செய்து விற்பான் என்பார்கள். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். மட்டமான நகலால் சாகப்போவதும் நம் ஆள்தான். புதிதாக ஒன்றைச் செய்யும் சிறு நிறுவனம் தன் உழைப்பைப் பாதுகாத்துக்கொள்வதில் எனக்குச் சங்கடமே இல்லை. முதல் வாதம்தான் ஏமாற்று. இந்த இயந்திரங்களை வாங்குவது யார்? மாநகராட்சி, குடிநீர் வாரியம், பொதுத்துறை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டம். எல்லாம் பொதுப்பணம். நமஸ்தே திட்டத்தில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது, பதிவான சாக்கடைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் பட்டியல் சாதியினர். பிரச்சினையும் நம்முடையது, அறிவும் நம்முடையது, வாங்கும் பணமும் நம்முடையது. முதலீட்டாளரின் மனக்கஷ்டத்தை மட்டும் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஐம்பது பெயரைச் சேர்க்கவும் தேவையில்லை. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைக் கூட்டு உரிமையாளராக்கலாம். காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவைப் படியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டு உரிமையாளர்களுக்குச் சம பங்கு. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் வெளியாருக்கு உரிமம் கொடுக்க முடியாது. நன்றியுரையில் ஒரு வரிக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அதுகூட வேண்டாம், விற்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு சதவீதம் தொழிலாளர் அறக்கட்டளைக்கு என்று டெண்டர் நிபந்தனையில் எழுதலாம். பழுது பார்க்கும் உரிமையையும் அதே நிபந்தனையில் எழுத வேண்டும். மென்பொருளைப் பூட்டிவைத்து, ஸ்குரூ ஒன்று கழன்றாலும் நிறுவன ஆள் வந்தால்தான் ஆகும் என்றால், அவர் வரும்வரை இயந்திரம் கொட்டகையில் நிற்கும். அந்த வாரம் அடைப்பு எடுக்கப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி நம் தோழர்களுக்கு. காப்புரிமை முதலாளித்துவ ஏற்பாடு, அதில் நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் என்ன, புரட்சிகரச் சொத்தா? பஞ்சமி நிலத்துக்காக நாம் எத்தனை வருடமாக மனு எழுதுகிறோம்! சொத்தை வெறுக்கச் சொல்லிக்கொடுப்பது சொத்து இருப்பவருக்கு வசதியான பாடம். இன்று பொறியியல் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். முதல் தலைமுறை. அவர்களிடம் யோசனைகள் இருக்கின்றன, வழக்கறிஞர் மாமா இல்லை. போன வருடம் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அவள் இறுதியாண்டுத் திட்டத்தை வழிகாட்டி ஆசிரியர் தன் பெயரையும் இன்னொரு மாணவன் பெயரையும் போட்டுப் பதிந்துவிட்டார். அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, நீ வெல்டிங் வேலைதானே பார்த்தாய் என்றாராம். கல்லூரியின் பெயரை எழுதி அவள் பட்டத்துக்கு வினை வைக்க மாட்டேன். மேன்ஹோல் முனையில் நடப்பது ஆய்வகத்துக்குள்ளும் நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி தங்கைகளே, அதனால் கொஞ்சம் கணக்கும் சட்டமும் பேசுவோம். தனிநபராகவோ ஸ்டார்ட்அப்பாகவோ இணையத்தில் காப்புரிமை விண்ணப்பம் போட 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000. யோசனை முழுமையாகாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிடலாம். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. அதற்கு முன் யூடியூபில் போடாதீர்கள், கருத்தரங்கில் கட்டுரையாக வாசிக்காதீர்கள். சில விதிவிலக்குகள் தவிர, வெளியானது புதுமை இழந்துவிடும். ஹேக்கத்தானில் கையெழுத்துப் போடும் முன் விதிமுறையைப் படியுங்கள், பரிசுக் கோப்பைக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிப் பணத்தில், கல்லூரி ஆய்வகத்தில் செய்தது பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும். உடைமை போகலாம், கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் போகக் கூடாது. உங்கள் பெயரை விட்டுவிட்டால் 28ஆம் பிரிவின்படி பெயரைச் சேர்க்கக் கோரலாம். உங்களிடம் இருந்து திருடியதை இன்னொருவர் பதிந்தால் 25ஆம் பிரிவின்படி எதிர்ப்பு மனு போடலாம். இந்த மனுக்களுக்கெல்லாம் உயிர், தேதி போட்ட நோட்டுப் புத்தகம்தான். பக்கத்துக்குப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு, கூட இருப்பவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்பிய படத்தை அழிக்காதீர்கள்.

நிறுவனம் தொடங்கவும் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடியினர் ஸ்டார்ட்அப்களுக்கு 2022இல் 30 கோடி ரூபாயில் தனி நிதி தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. இந்தத் திட்டங்களில் வண்டி வாங்கவும் இயந்திரம் வாங்கவும் நம் ஆட்கள் போகிறார்கள், நல்லது. வாங்கியவர் உரிமையாளர், செய்தவர் அதைவிடப் பெரிய உரிமையாளர். சாக்கடைத் தொழிலாளியின் மகள் வரைந்த நகம், சாக்கடைத் தொழிலாளர் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். அவளுக்குச் சம்பளமும் பங்கும் கொடுக்கும் நிறுவனம் ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். நாளைக்கே நடந்துவிடாது. முதல் வேலையை மட்டும் இந்த வாரம் தொடங்கலாம்.

உங்கள் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு தகவல் அறியும் உரிமை மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 2018க்குப் பிறகு வாங்கிய சாக்கடை இயந்திரங்கள் எத்தனை, எந்த நிதியில், என்ன விலைக்கு? அவற்றின் காப்புரிமை, வடிவமைப்புப் பதிவு எண்கள் என்ன? கொள்முதல் ஒப்பந்தத்தில் பழுது பார்க்கும் உரிமை குறித்த நிபந்தனையின் நகல் தருக. ஒவ்வொரு இயந்திரமும் கடந்த 12 மாதத்தில் ஓடிய நாட்களின் பதிவேட்டு நகல் தருக. பதிவு எண் கிடைத்தால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், கண்டுபிடிப்பாளர்கள் பட்டியல் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு போடுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், ஊர்வாரியாகத் தொகுத்து இங்கேயே போடுகிறேன்.

ஜெய்பீம்.